வாசல் வராத மண்டபம்

பிள்ளைகளா, போன மாதம் உங்கள் சித்தி மகன் கல்யாணத்துக்குப் போனபோது, மண்டபத்துக்கு முன்னால் நின்று நீங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ரோட்டைப் பார்த்து வரிசையாகத் தூண்கள், மேலே வளைவு, வளைவில் இரண்டு மயில். எல்லாம் சரி. வாசல் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வெள்ளையடித்த வெறும் சுவர். அதில் ஒரு நீல அம்புக்குறி. அதைப் பார்த்துக்கொண்டே பக்கத்துச் சந்தில் நுழைந்து, கிழக்குப் பக்கம் சுற்றி உள்ளே போனோம்.

"எந்த அறிவாளிப்பா இதுக்கு பிளான் போட்டது?" என்று சின்னவன் கேட்டான். உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். நான் பந்தியில் இடம் இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டேன்.

இன்னொன்றும் நீங்கள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நம் வீட்டில் எது தாமதமானாலும், அது குக்கர் விசிலாக இருக்கட்டும், போன கரண்டாக இருக்கட்டும், பெரியவளின் பரீட்சை ரிசல்ட்டாக இருக்கட்டும், "வாசல் வந்துருச்சா?" என்று ஏன் கேட்கிறோம் என்று. உங்கள் அம்மா ஒரு மாதிரி சொல்வாள், ரபீக் மாமா ஒரு மாதிரி சொல்வார். இரண்டிலுமே நான்தான் கோமாளி. நான் சொல்வதிலும் நான்தான் கோமாளி. ஆனால் விவரம் சரியாக இருக்கும். அதற்காகத்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்போது நான் சிம்மக்கல் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்த சாந்தாராம் அண்ணனின் அலுவலகத்தில் டிராப்ட்ஸ்மேனாக இருந்தேன். வீடு, கடை, மண்டபம் கட்டுகிறவர்களுக்கு பிளான் வரைந்து கொடுக்கிற சின்ன அலுவலகம். அண்ணன்தான் முதலாளி, நான்தான் தொழிலாளி, ஐ.டி.ஐ.தான் என் படிப்பு. அண்ணன் சௌராஷ்டிரக்காரர். என்னிடம் தமிழில் பேசுவார். வீட்டில் அண்ணிக்கு போன் போட்டால் அவர்கள் மொழிக்கு மாறிவிடுவார். எனக்கு அதில் ஒரு வார்த்தை புரியாது. ஆனால் அவர் பேசுகிற வேகத்தை வைத்து, அன்றைக்கு நான் எவ்வளவு பெரிய தப்பு செய்திருக்கிறேன் என்று கணக்காகச் சொல்லிவிடுவேன்.

அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கம்ப்யூட்டர் என்று சொன்னால் அண்ணனுக்குப் பிடிக்காது. "ஒர்க்ஸ்டேஷன்னு சொல்லுடா" என்பார். கோயம்புத்தூரில் மூடிப்போன ஒரு கம்பெனியிலிருந்து ஏலத்தில் எடுத்து வந்தது. மாவு அரைக்கிற கிரைண்டர் கனம் இருக்கும். அது பிறந்த காலத்தில் பெரிய ஆளாக இருந்திருக்கலாம். எங்களிடம் வந்து சேர்ந்தபோது பென்ஷன் வாங்குகிற வயது. நேர்கோடு போட்டு பிளான் வரைகிற வரைக்கும் பாவம், குறை சொல்ல முடியாது. வளைவு போட்டால் கொஞ்சம் யோசிக்கும். (நான் அந்த நேரத்தில் கீழே போய் டீ குடித்துவிட்டு வருவேன்.)

அப்படி இருக்கும்போதுதான் எழுமலையிலிருந்து வீரணன் ஐயா வந்தார். பருத்தி வியாபாரி. உசிலம்பட்டி ரோட்டில், ரோட்டுக்கு வடக்கே அவருக்கு ஓர் இடம் இருந்தது. அதில் கல்யாண மண்டபம் கட்ட வேண்டும். எங்கள் அலுவலகத்துக்கு அதுவரை வந்ததிலேயே பெரிய வேலை அதுதான். நான் ராத்திரி பகலாக வரைந்த பிளானை மேசையில் விரித்து வைத்தோம். அவர் அதைப் பக்தியாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நல்லாத்தான் இருக்கும்போல. ஆனா தம்பி, எனக்கு இந்தக் கோடெல்லாம் வெளங்காது. எங்கக்காவுக்கு அதைவிட வெளங்காது. அவ சரின்னாத்தான் எங்க வீட்ல செங்கல்லு நகரும். பைபாஸ் ரோட்டுல ஒரு ஆபீஸ்ல கம்ப்யூட்டர்லயே கட்டடத்தை நிக்க வச்சுக் காட்டுறாகளாம்ல. அப்படிக் காட்டுங்க. அவளைக் கூட்டியாறேன்."

"அதுக்கென்ன ஐயா, காட்டிருவோம்" என்றார் அண்ணன். ஐயா படியிறங்கும் வரைக்கும் சிரித்த முகமாக இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"திருநகர்ல ஒரு பையன் இருக்கான்டா. பி.இ. படிச்சவன். த்ரீடி நல்லா போடுவானாம். சொந்தக் கம்ப்யூட்டரோட வாரேங்கிறான்."

அந்த அலுவலகத்தில் இரண்டு பேருக்கு வேலை கிடையாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெரியவளே, அப்போது நீ அம்மா வயிற்றில் ஏழு மாதம். இந்த வேலை போனால் அடுத்த வேலைக்கு நான் எங்கே போய் நிற்பேன் என்று நினைத்ததுமே எனக்குக் கை வேர்த்துவிட்டது. கை வேர்த்தால் எனக்கு வாய் நீளும்.

"எதுக்குண்ணே அவன்? எனக்குந்தான் த்ரீடி தெரியும். சாயங்கால கிளாசுல படிச்சேன்ல. நம்ம மிஷின்லயே நாலு சாமான் மாத்துனாப் போதும்ணே. பறக்கும்."

"பறக்க வேணாம்டா. ஓடுனாப் போதும். ஓடலைன்னா அந்தப் பையனை வரச் சொல்லிருவேன், பாத்துக்க."

சாயங்கால வகுப்பில் நான் படித்தது உண்மை. ஒரு பெட்டி, ஒரு பந்து, ஒரு காபி டம்ளர், இவ்வளவுதான் அங்கே நான் செய்து பார்த்தவை. மண்டபம் என்பது பெரிய பெட்டிதானே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ரபீக் மாமாவை அப்போதுதான் பிடித்தேன். டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை வைத்திருந்தார். ஐ.டி.ஐ.யில் என்கூடப் படித்தவர். எங்கள் ஒர்க்ஸ்டேஷனின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்து, வெகுநேரம் பேசாமல் பார்த்தார்.

"என்ன மாப்ள?"

"ஒன்னும் இல்ல மாப்ள. மரியாதைக்காக ஒரு நிமிஷம் பேசாம இருந்தேன்."

"ரேம் மெமரியக் கொஞ்சம் கூட்டி, படத்துக்குன்னு ஒரு கார்டு போட்டா?"

"போடலாம். அந்த கார்டை இந்த போர்டு தாங்காது. போர்டை மாத்துனா பிராசஸரை மாத்தணும். பிராசஸரை மாத்துனா மேல இருக்கிற ஃபேனை மாத்தணும். மாட்டு வண்டியில லாரி எஞ்சினை வைக்கச் சொல்ற, வைக்கிறேன். நீதான் ஓட்டணும்."

ஒவ்வொன்றாக மாற்றினார். ஒவ்வொன்றுக்கும் நான் அண்ணனிடம் போய் நின்றேன். கடைசித் தடவை போய் நின்றபோது அவர், "பழசுல எதுடா மிச்சம்?" என்று கேட்டார்.

"டப்பா இருக்குண்ணே."

அவர் உடனே அண்ணிக்கு போன் போட்டார். நல்ல வேகம்.

மாற்றி முடித்த மிஷினை மொபெட்டில் கொண்டு வந்தோம். ரபீக் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து, பழைய போர்வையில் சுற்றிய மிஷினை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்திருந்தேன். சித்திரை மாத வெயில். சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் போர்வையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எந்த ஆஸ்பத்திரிண்ணே?" என்று அனுசரணையாகக் கேட்டார். சிக்னலுக்காக நிற்கிறோம் என்பதையும் மறந்து எங்களுக்கு வழி விடச் சொல்லி முன்னால் இருந்தவர்களை விலக்கிவிட்டார். அதனால் சீக்கிரம் வந்து சேர்ந்தோம்.

அலுவலகத்தில் வைத்து சுவிட்சைப் போட்டால் ஓர் அசைவும் இல்லை. பழைய டப்பாவோடு ஒட்டிக்கொண்டிருந்த பவர் சப்ளையால் புது கார்டுக்குக் கரண்ட் கொடுக்க முடியவில்லை. அதையும் மாற்றினோம். அதன் பிறகு ஓடியது. உண்மையிலேயே நன்றாக ஓடியது. நான் வளைவு போட்டேன், யோசிக்காமல் போட்டது. எனக்குத்தான் டீ குடிக்கப் போக நேரம் கிடைக்கவில்லை.

ரபீக் கிளம்பும்போது இரண்டு விஷயம் சொன்னார்.

"மாப்ள, இது ரொம்பச் சூடாகும். டப்பா பழசு, காத்துப் போக வழி இல்ல. பக்கத்து மூடியை மாட்டாத, தொறந்தே வை. டேபிள் ஃபேனை அதுக்கு நேரா வச்சிரு. உள்ள அந்தச் சின்ன ஃபேன் நின்னுச்சுன்னா மிஷின் நின்னுரும்."

"சரி மாப்ள."

"இன்னொன்னு. அவுக வந்த பெறகு படத்தைப் போடாத. முன்னாடியே போட்டு முடிச்சு வச்சிரு. வந்ததும் தொறந்து காட்டு."

இதற்கும் சரி என்றுதான் சொன்னேன்.

இந்த இடத்தில் ஒன்றை விளக்கிவிட வேண்டும். இப்போது நீங்கள் போனைத் தொட்டதும் படம் வருகிறது. அப்போது, கம்ப்யூட்டரில் கட்டிய மண்டபத்துக்கு வெயில், நிழல், பெயிண்ட் எல்லாம் போட்டு நிஜம் மாதிரி ஆக்க ஒரு பட்டனை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். அது மேலேயிருந்து கீழே, கோடு கோடாக, பொறுமையாகப் படத்தை நிரப்பிக்கொண்டே வரும். எங்கள் மிஷினில் ஒரு படம் முடிவதற்குள் சோறு வடித்து, குழம்பும் வைத்து இறக்கிவிடலாம். அவர்கள் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். முதலில் வானம் வந்தது. பிறகு வளைவு, மயில், தூண், கடைசியில் தேக்கு நிறத்தில் பெரிய இரட்டைக் கதவோடு வாசல். நான் நாற்காலியில் உட்கார்ந்து அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைச் சேமித்து வைத்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

சேமிக்கவில்லை. முடிந்த படத்தைக் காட்டினால் காலண்டர் படம் மாதிரி இருக்குமாம். கண்ணெதிரே மண்டபம் எழும்பி வந்தால்தான் எழுமலைக்காரர்கள் வாயைப் பிளப்பார்களாம். யார் சொன்னது? நான்தான், எனக்கே சொல்லிக்கொண்டேன். த்ரீடி தெரிந்த திருநகர்ப் பையனின் முகத்தையும் கற்பனையில் பக்கத்தில் நிறுத்தி, அவனுக்கும் சேர்த்துச் சொன்னேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நல்ல நேரம் பார்த்து அவர்களை வரச் சொல்லியிருந்தார் அண்ணன். காலையில் நான் கிளம்பும்போது உங்கள் அம்மா வாழை இலையில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாள். பிரித்தால், நெருக்கமாகக் கட்டிய மல்லிகைச் சரம், இரண்டு முழத்துக்கு மேல் இருக்கும்.

"புது வண்டி வாங்குனாலே மாலை போடுறோம். இது நம்ம வேலையவே காப்பாத்தப் போற மிஷினு. வெறுமனேவா விடுறது? போட்டுட்டு ஆரம்பிங்க" என்றாள்.

அதில் எனக்கும் மறுப்பில்லை. அண்ணனுக்கும் இல்லை. அவரே சந்தனம் குழைத்துக் குங்குமத்தோடு டப்பாவின் நெற்றியில் வைத்தார். அதற்கு நெற்றி எது என்று முதலில் ஒரு குழப்பம் வந்து, சுவிட்சுக்கு மேலே என்று முடிவானது. பத்தி கொளுத்தினோம். ஓர் எலுமிச்சம்பழம் வைத்தோம். நான் மல்லிகைச் சரத்தை டப்பாவின் மேல் குறுக்காகப் போட்டு, இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கவிட்டேன். கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. ஒரு பக்கம் மூடி இருந்த பக்கம். இன்னொரு பக்கம், ரபீக் திறந்தே வைக்கச் சொன்ன பக்கம். அதற்கு நேராக, அவர் சொன்னபடியே, டேபிள் ஃபேன்.

(சின்னவன் இப்போதே சிரிக்கிறான். பொறு.)

வீரணன் ஐயா முன்னால் வர, பின்னால் அவர் அக்கா ஒச்சம்மாள் வந்தார்கள். அறுபது வயதிருக்கும். மெல்லிய உருவம், காதில் தண்டட்டி, மடியில் வெற்றிலைப் பை. மாடிப்படி ஏறி வந்த மூச்சிரைப்பு கொஞ்சமும் இல்லை. மூச்சிரைத்ததெல்லாம் ஐயாவுக்குத்தான். அந்த அம்மா முதலில் மிஷினைப் பார்த்தார்கள், அதன் சந்தனத்தைப் பார்த்தார்கள், பூவைப் பார்த்தார்கள்.

"பரவால்ல. முறையாத்தான் வச்சிருக்காக" என்றார்கள். அண்ணன் என்னைப் பெருமையாகப் பார்த்தார். அன்றைக்கு அவர் என்னை அப்படிப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

உட்கார்ந்ததும் ஒச்சம்மாள் நேராக விஷயத்துக்கு வந்தார்கள்.

"தம்பி, வாசல் எங்கிட்டு வைக்கிறீக?"

"தெற்கதாம்மா. ரோடு அங்கதான இருக்கு" என்றார் அண்ணன்.

"தெற்கயா. கல்யாண மண்டபத்துக்குத் தெற்க வாசலு. பொண்ணு மாப்பிள்ளைய எமன் வீட்டுப் பக்கம் பாக்க நிறுத்துறதா?"

"அக்கா, நீ மொதல்ல படத்தைப் பாரு" என்றார் ஐயா. "மெட்ராஸ்ல எல்லாம் தெற்க வைக்கிறாக. படத்துல பாத்தா நல்லாருக்கும்."

"பாக்கத்தானப்பா வந்திருக்கேன். நல்லாருந்தா நான் ஏன் வேணாங்கப் போறேன்?"

அப்படியென்றால் எல்லாம் அந்த வாசலில்தான் இருக்கிறது. அந்தத் தேக்குக் கதவை மட்டும் அந்த அம்மா பார்த்துவிட்டால் போதும், மயங்கிவிடுவார்கள். மண்டபம் எங்களுக்கு, வேலை எனக்கு, திருநகர்ப் பையனுக்கு வேறு ஊர். நான் பட்டனை அழுத்தினேன்.

வானம் வந்தது.

"இது என்னா, வெறும் நீலமா இருக்கு?"

"வானம்மா. கட்டடம் இனிமேத்தான் வரும்."

"வானத்தையும் நீங்கதான் கட்டித் தாறீகளா?" என்றார்கள். ஐயா சிரித்தார். அண்ணனும் அவசரமாகச் சேர்ந்து சிரித்தார்.

வளைவு வந்தது. மயில் இரண்டும் கொண்டை முதல் கால் வரை கோடு கோடாக இறங்கின. நான் நினைத்தது நடந்தது. ஒச்சம்மாள் வெற்றிலை மடிப்பதை நிறுத்திவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். தூண்களின் தலைப் பகுதி வந்தது.

"தூணு நல்லாருக்குப்பா வீரணா. நம்ம அழகர்கோவில்ல பாத்தாப்ல இருக்கு."

"நான்தான் சொன்னேன்லக்கா."

"இப்ப வாசல் வந்துரும்மா" என்றேன் நான். என் குரலே எனக்குப் புதுசாக இருந்தது. விளம்பரத்தில் பேசுகிறவன் மாதிரி.

"எம்புட்டு நேரத்துல?"

"இந்தா, கதவு நிலைக்கு மேல வரைக்கும் வந்துருச்சு பாருங்க. அடுத்து வாசல்தான்."

எல்லோரும் திரையைப் பார்த்தோம். கோடு வரவில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்தோம். வளைவு, மயில், பாதித் தூண். அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். நான் மவுஸை அசைத்தேன். அம்பு அசையவில்லை.

"வாசல் வந்துருச்சா?" என்று கேட்டார் ஐயா. அவருக்குக் கண் கொஞ்சம் மங்கல்.

"வந்துக்கிட்டே இருக்குங்கய்யா."

டேபிள் ஃபேன் காற்று மட்டும் வீசிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் ஒரு வாசனை வந்தது. மல்லிகை வாசனைதான், ஆனால் கொஞ்சம் அதிகம் வதங்கிய மல்லிகை. அப்புறம் அது கருகிய மல்லிகை ஆனது. அண்ணன் மூக்கை உறிஞ்சி என்னைப் பார்த்தார். நான் பத்தியைப் பார்த்தேன். பத்தி அணைந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

"வாசல் வந்துருச்சா?" என்று ஐயா மறுபடி கேட்டார்.

அந்த நேரம் பார்த்து மிஷின் 'டொக்' என்று ஒரு சத்தம் போட்டு அணைந்தது. திரை கறுத்துவிட்டது. அதில் எங்கள் நாலு பேர் முகமும் தெரிந்தது. என் முகத்தை மட்டும் நான் பார்க்கவில்லை.

அண்ணன் தமிழை விட்டுவிட்டு அவர் மொழியில் எதையோ மெதுவாகச் சொன்னார். வேகம் இல்லை. வேகமே இல்லாமல் அவர் அந்த மொழி பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வேகத்தை விட அது மோசம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

நான் மண்டியிட்டு டப்பாவுக்குள் பார்த்தேன். விஷயம் அங்கே தெளிவாக இருந்தது. திறந்த பக்கம் தொங்கிய மல்லிகைச் சரத்தை டேபிள் ஃபேன் உள்ளே தள்ளியிருக்கிறது. உள்ளே இருந்த சின்ன ஃபேன் அதன் நுனியைப் பிடித்து இழுத்துத் தன்னைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பூ உதிர்ந்துவிட்டது. பூவைக் கட்டிய வாழை நார் உதிருமா? உங்கள் அம்மா கட்டினால் அவிழவும் அவிழாது, அறவும் அறாது. ஃபேன் இறுகி நின்று, பிராசஸர் சூடேறி, மிஷின் கையை விரித்துவிட்டது.

பிடி கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். உள்ளதைச் சொன்னால் அந்த அம்மாவுக்குப் புரிந்துவிடும் என்று நினைத்தேன். உதிர்ந்த பூவும் கருகிய நாருமாக இருந்த சரத்தின் நுனியை இழுத்துத் தூக்கிக் காட்டினேன்.

"ஒன்னும் இல்லம்மா. மிஷின்ல கோளாறு இல்ல. சாமிக்குப் போட்ட பூ ஃபேன்ல மாட்டிக்கிச்சு. அதான் நின்னுருச்சு. இப்ப எடுத்துட்டேன். மறுபடி போட்டா வாசல் வந்துரும்."

ஒச்சம்மாள் என் கையிலிருந்த நாரைப் பார்த்தார்கள். தலையை மெல்ல ஆட்டினார்கள்.

"வானம் வந்தப்ப மாட்டல."

"இல்லம்மா, அது வந்து..."

"மயிலு வந்தப்ப மாட்டல. தூணு வந்தப்ப மாட்டல. வாசல் வாரப்ப, சாமி பூவு போயித் தடுத்துருக்கு."

"காத்துல தள்ளிருச்சும்மா."

"காத்துதான்யா. காத்து தானா வந்து தள்ளுச்சா, தள்ளச் சொல்லி வந்துச்சா?"

இதற்கு ஐ.டி.ஐ.யில் பதில் சொல்லித்தரவில்லை. பி.இ.யிலும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள்.

"மறுபடி போட்டுக் காட்டுறேம்மா, ஒரே ஒரு தடவை" என்றேன்.

"நீ எத்தனை தடவை வேணாலும் போடு. மொத நின்னது நின்னதுதான்." எழுந்துவிட்டார்கள். "வீரணா, மயிலு இருக்கட்டும். தூணு நான் பாத்த மட்டும் அப்படியே இருக்கட்டும், அதுல கை வைக்க வேணாம். தெற்க வாசல் மட்டும் ஆகாது. கெழக்க வைக்கச் சொல்லு."

"அக்கா, கெழக்க மாட்டு வண்டிப் பாதைதான் இருக்கு. ரோட்டுல வாரவுக எப்படி வருவாக?"

"சுத்தி வாரது. கல்யாணத்துக்கு வாரவுகளுக்கு என்ன அவசரம்?"

அண்ணன் முகம் வெளுத்துப்போய் நின்றார். மண்டபம் போனது என்று அவர் நினைத்தார். வேலை போனது என்று நான் நினைத்தேன். படி வரைக்கும் போன ஒச்சம்மாள் திரும்பி நின்று சொன்னார்கள்:

"வேற எங்கயும் போக வேணாம்ப்பா. இவுககிட்டயே குடு. பைபாஸ் ரோட்டு ஆபீஸ்ல எல்லாம் கேட்டதுக்கெல்லாம் படம் வந்துருமாம்ல. இது ஆகாததை ஆகாதுன்னு நின்னு சொல்லுது."

அவர்கள் போன பிறகு நாரை முழுவதும் எடுத்து, மிஷின் ஆறும் வரை காத்திருந்து, சும்மா இருக்க முடியாமல் மறுபடி பட்டனை அழுத்தினேன். வானம், வளைவு, மயில், தூண். பிறகு தேக்குக் கதவோடு, வெயில் பட்டு மினுக்கிக்கொண்டு, வாசல்.

"வந்துருச்சு" என்றார் அண்ணன்.

"வந்துருச்சுண்ணே."

"யாருக்குடா வந்துச்சு?"

பிறகு அவர் சிரிக்க ஆரம்பித்தார். முதலாளி சிரித்தால் தொழிலாளி சிரிக்கலாம் என்பதால் நானும் சிரித்தேன். திருநகர்ப் பையனைப் பற்றி அதன் பிறகு அவர் பேசவே இல்லை. பிளான் முழுவதையும் கிழக்குப் பக்கம் திருப்பி முதலிலிருந்து வரைய வேண்டியிருந்தது. அந்தச் சிக்கலைப் புரிந்துகொள்ள வெளியாள் எவனாலும் முடியாது என்பதுதான் காரணம்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. விஷயம் எழுமலைப் பக்கம் பரவி, எங்கள் ஒர்க்ஸ்டேஷனுக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. பிறகு வந்தவர்கள் பலர், "எங்க வீட்டு அடுப்படிய உங்க மிஷின்ல போட்டுப் பாருங்க, நிக்குதான்னு தெரிஞ்சிக்கிருவோம்" என்று கேட்டார்கள். அது நிற்காமல் ஓடினால் அவர்களுக்குத் திருப்தி. அண்ணனுக்கோ அதில் ஒரு கவலை. "என்னைக்காவது கரண்டு போயி நின்னு, யாராவது வீட்டையே கட்டாம விட்டுறப் போறாங்கடா" என்பார்.

வீட்டில் நடந்ததைச் சொன்னபோது உங்கள் அம்மா கவனமாகக் கேட்டாள். "பூவைக் குத்தம் சொல்லாதீங்க. போட்ட கையச் சொல்லுங்க" என்றாள். மறுநாள் காலையில் நான் குளியலறையில் நேரமாக்கியபோது, வெளியிலிருந்து கதவைத் தட்டி, "என்ன, வாசல் வந்துருச்சா?" என்று கேட்டாள். அன்றைக்குத் தொடங்கியதுதான். பெரியவளே, நீ பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் தவித்து நடந்துகொண்டிருந்த என்னிடம், ரபீக் மாமா கேட்டதும் அதே கேள்வியைத்தான்.

மண்டபம் எழும்பியது. ஒச்சம்மாள் அன்றைக்குத் திரையில் பார்த்தது எதுவோ அதில் கை வைக்கக் கூடாது என்பது உத்தரவு. அதனால் ரோட்டைப் பார்த்து மயில் உண்டு, வளைவு உண்டு, தூண் உண்டு. தூண்களுக்குப் பின்னால், மிஷின் நின்ற கோட்டுக்குக் கீழே வெறும் சுவர். திரையில் உறைந்து நின்ற படத்தை அப்படியே செங்கல்லில் கட்டியிருந்தார்கள். நான் வரைந்த கட்டடங்களில் கம்ப்யூட்டர் காட்டியதற்கு இம்மி பிசகாமல் வந்தது அது ஒன்றுதான்.

அங்கே நடந்த முதல் கல்யாணத்துக்கு எங்களுக்கும் பத்திரிகை வந்தது. கொஞ்சம் முன்னதாகவே போய் ரோட்டோரம் நின்றேன். மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். சீர்த்தட்டு ஏந்திய பெண்கள் வரிசை கட்டினார்கள். நாதஸ்வரக்காரர் முன்னால் வாசித்துக்கொண்டே நேராகத் தூண்களுக்கு நடுவே போனார். சுவர் வந்தது. அவர் வாசிப்பை நிறுத்தவில்லை. சுவரைப் பார்த்து வாசித்தார். பின்னால் வந்த தட்டுகள் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. மாப்பிள்ளை கழுத்தில் மாலையோடு சுவரைத் தொட்டுப் பார்த்தார். "என்னங்கடா இது, உள்ளயே விட மாட்டாக போல" என்று ஒரு பெரியவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அந்த அம்மா முகத்தைப் பார்த்த பிறகு எனக்குப் பந்தியில் சோறு இறங்கவில்லை.

அதற்கடுத்த வாரம், முகூர்த்தம் இல்லாத ஒரு நாளாகப் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் உசிலம்பட்டி பஸ் ஏறினேன். கையில் ஒரு சின்ன டப்பா நீல பெயிண்ட், ஒரு தட்டைப் பிரஷ், ஓர் அளவுகோல். மண்டபம் பூட்டிக் கிடந்தது. ஆள் இல்லை. தூண்களுக்கு நடுவே, வாசல் வர வேண்டிய இடத்தில், பென்சிலால் கோடு பிடித்து, கிழக்கைப் பார்த்து ஓர் அம்பு போட்டேன். நான் கற்ற எழுத்திலேயே அழகான எழுத்தில், அதற்கு மேல் 'வாசல்' என்று எழுதினேன். பெயிண்ட் காயும் வரை தூண் நிழலில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ரோட்டுக்குப் போய், ஊருக்குப் புதிதாக வந்த ஆள் மாதிரி நின்று பார்த்தேன். எழுத்து தெரிந்தது, அம்பு தெரிந்தது. அது காட்டிய பக்கம் நடந்தேன். சுவர் முடிகிற இடத்தில் திரும்பி, மாட்டு வண்டிப் பாதையில் நடந்தேன்.

வாசல் வந்தது.